பூஜ்யம் வரும் வரை கூட்டு

மாதத்துக்கு ஒருமுறை போன் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது. பாதுகாப்பு அப்டேட் தயாராம், இப்போதே நிறுவலாமா, பிறகு பார்க்கலாமா என்று கேட்கிறது. பெரும்பாலோர் 'பிறகு' என்பதைத்தான் தட்டுகிறோம். போன் நன்றாகத்தானே ஓடுகிறது? கால் போகிறது, வாட்ஸ்அப் வருகிறது, பணம் அனுப்ப முடிகிறது. கெட்டுப்போகாத பொருளுக்கு மாதாமாதம் என்ன ரிப்பேர்? பொறுமையாக உட்கார்ந்து நிறுவினாலும், முடிந்த பிறகு புதிதாக ஒரு பொத்தான்கூடக் கண்ணில் படுவதில்லை.

2016 மார்ச் மாத ஆண்ட்ராய்டு அப்டேட்டில் இருந்த திருத்தங்களில் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்ப்போம். மூல நிரலில் அதன் அளவு ஒரே ஒரு வரி. அந்த வரி விட்டுப்போயிருந்ததால், சாதாரணப் பயனர் ஒருவர் யாருடைய கடவுச்சொல்லையும் திருடாமலே ஒரு கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு அவர் செய்ய வேண்டியிருந்த வேலையில் பெரும்பகுதி, ஒன்றைக் கூட்டுவது. மறுபடி ஒன்றைக் கூட்டுவது. மறுபடியும் ஒன்று.

எண் எங்கே முடிகிறது

காகிதத்தில் எழுதும் எண்ணுக்கு முடிவில்லை. இடம் போதாவிட்டால் அடுத்த தாளை எடுத்துக்கொள்ளலாம். கணினியிலோ எண்ணை வைக்கும் இடம் முன்கூட்டியே அளந்து ஒதுக்கப்படுகிறது. 0 அல்லது 1, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளும் சிறிய இடம் ஒரு பிட். நான்கு பிட்டுகளை வரிசையாக வைத்தால் 0000 முதல் 1111 வரை பதினாறு நிலைகள். அவற்றைக்கொண்டு 0 முதல் 15 வரை எண்ணலாம். 15-ல் நிற்கும்போது இன்னும் ஒன்றைக் கூட்டினால்? விடை 10000 என்று வர வேண்டும். அதற்கு ஐந்து இடம் தேவை, இருப்பது நான்கு. இடது ஓரத்து 1 விழுந்துவிட, மிச்சம் 0000. பதினைந்தும் ஒன்றும் பூஜ்யம் ஆகிவிட்டது. இதை முழுஎண் வழிதல் என்று அழைப்போம்.

பூஜ்யத்துக்குக் கீழான எண்களும் வேண்டும் என்றால் அதே பதினாறு நிலைகளில் பாதியை அவற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது நான்கு பிட்டின் எல்லை -8 முதல் 7 வரை. இங்கே வழிதல் இன்னும் விசித்திரமாக நடக்கும். 7-ஓடு ஒன்றைக் கூட்டினால் -8. அங்கிருந்து -7, -6 என்று ஏறி -1 வரை வந்து, அடுத்த படியில் பூஜ்யம். ஏறிக்கொண்டே இருந்தும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுகிறோம்.

நடைமுறையில் நான்கு பிட்டு யாருக்கும் போதாது. பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் அளவு 32 பிட்டு. அதில் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 நிலைகள். பாதியை எதிர்மறைக்குக் கொடுத்துவிட்டால் உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. தென் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2014-ல் இந்த உச்சத்தைத் தாண்டியது. யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிக்கொண்டது. மாற்றத் தவறியிருந்தாலும் பெரிய கேடு இல்லை. ஒரு பாட்டின் கீழே வேடிக்கையான எண் ஒன்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

வழிவது பிராசசருக்குத் தெரியாமல் நடப்பதும் இல்லை. இன்டெல் வகைப் பிராசசர்கள் ஒவ்வொரு கூட்டலுக்கும் பிறகு, விடை இடத்துக்குள் அடங்கியதா இல்லையா என்பதைத் தனி பிட்டுகளில் குறித்து வைக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஓவர்ஃப்ளோ கொடி என்றே பெயர். கொடி ஏறியிருக்கிறதா என்று நிரல்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். சி மொழியில் எழுதும் சாதாரணக் கூட்டல் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கும் லினக்ஸ் ஏறத்தாழ முழுவதுமே சி மொழியில் எழுதப்பட்டது.

யார் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு

இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். போனில் உள்ள எந்தச் செயலியும் நினைவகத்தையோ கேமராவையோ நேரே தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யாருடைய நினைவகம் எங்கே முடிகிறது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. அதற்கு மேலே கேட்க ஆளில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் பெரும்பாலான இணையச் சர்வர்களிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல்.

கெர்னலின் நினைவகத்தில் லட்சக்கணக்கான சிறு பொருள்கள் பிறந்தும் மறைந்தும் கொண்டிருக்கின்றன. ஒரே பொருளைப் பல நிரல்கள் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். அப்படியானால் அதை எப்போது அழிப்பது? கல்யாண மண்டபத்து வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருவர் போனால் ஒன்றைக் கூட்டுகிறார், வெளியே வந்தால் ஒன்றைக் கழிக்கிறார். கணக்கு பூஜ்யத்துக்கு வந்ததும் மண்டபம் காலி என்று முடிவு கட்டி, அடுத்த முகூர்த்தக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறார். உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை; கணக்கை மட்டுமே நம்புகிறார். கெர்னலும் ஒவ்வொரு பொருளின் தலையிலும் இப்படி ஓர் எண்ணை வைத்திருக்கிறது. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வதால் இதைப் பிடிக்கணக்கு எனலாம். பூஜ்யம் ஆனால் பொருள் அழியும், இடம் அடுத்தவருக்குப் போகும்.

இரண்டு விதங்களில் இது கெடலாம். உள்ளே போகிறவரைக் கூட்ட மறந்தால் ஆள் இருக்கும்போதே மண்டபம் கைமாறும். வெளியே வந்தவரைக் கழிக்க மறந்தால் கணக்கு பூஜ்யத்துக்கே வராது. மண்டபம் என்றைக்கும் பூட்டாமல் கிடக்கும். முதலாவது ஆபத்து, இரண்டாவது வெறும் வீண்செலவு என்றுதான் யாருக்கும் தோன்றும். நம் கதையில் நடந்தது இரண்டாவது.

சாவிக்கொத்து

லினக்ஸில் ஒரு நிரல் தன் ரகசியத் திறவுகோல்களைக் கெர்னலிடமே கொடுத்து வைக்கலாம். அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் கெர்னல் பொருளுக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். ஒரு நிரல் 'இன்ன பெயருள்ள சாவிக்கொத்தில் என்னைச் சேர்த்துவிடு' என்று கேட்கலாம். இதற்குச் சிறப்பு அனுமதி எதுவும் வேண்டாம்.

கேட்டதும் கெர்னல் அந்தப் பெயரைத் தேடுகிறது. கொத்து கிடைத்துவிட்டால் அதன் பிடிக்கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. தான் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது வேறு யாரும் அழித்துவிடக் கூடாதல்லவா? பிறகு மூன்று வழிகள். பெயரே இல்லையென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கும். வேறொரு கொத்து என்றால் நிரலை அதற்கு மாற்றிவிட்டு, தேடும்போது பிடித்த பிடியை விட்டுவிடும். மூன்றாவது, நிரல் ஏற்கெனவே வைத்திருக்கும் கொத்தின் பெயரையே மறுபடி கேட்பது. அப்போது செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. அதனால் கெர்னல் நேரே வெளியேறும் வாசலுக்குத் தாவியது.

தேடும்போது கூட்டிய ஒன்றை அந்தத் தாவலில் கழிக்கவில்லை.

இருக்கும் கொத்தையே திரும்பக் கேட்கிற நிரல் எத்தனை இருக்கும்? சோதனை செய்பவர்கள் இந்த வழியை மிதிக்காததில் ஆச்சரியம் இல்லை. நிரல் எழுதுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பிழைகள் குடியிருக்கும் இடம் பெரும்பாலும் இப்படி 'ஒன்றும் செய்ய வேண்டாம், போகலாம்' என்ற வழிகள்தான். 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8 பதிப்பிலிருந்து இந்தப் பிழை இருந்தது. 2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயின்ட் என்ற இஸ்ரேலிய நிறுவனம் அதை வெளியுலகுக்குச் சொன்னது. பிழைகளுக்கான பொதுப் பதிவேட்டில் அதன் எண் சிவிஇ-2016-0728.

அரை மணி நேரம்

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். லினக்ஸில் சாவிகளைப் பட்டியலிடும் ஒரு கோப்பு உண்டு. அதில் ஒரு பத்தி முழுக்கப் பிடிக்கணக்குகள். ஒரே கொத்தை நூறு முறை திரும்பத் திரும்பக் கேட்கும் நிரலை ஓட்டிவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தால், கொத்தின் பெயருக்கு நேரே 100 என்று இருக்கும். நிரல் முடிந்து போயிருக்கும். கொத்தை உண்மையில் யாரும் பிடித்திருக்கவில்லை. எண் மட்டும் இறங்காமல் நிற்கும்.

நூறு முறையால் யாருக்கும் கேடில்லை. ஆனால் பிடிக்கணக்கு வைக்கப்பட்டிருந்தது 32 பிட்டில். கணினி 64 பிட்டு ரகமாக இருந்தாலும் இந்த எண்ணி 32 பிட்டுதான். ஆக, நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். 214 கோடியைத் தாண்டும் கணத்தில் எண் சடாரென்று -214 கோடிக்கு விழும். மைனஸ் 214 கோடிப் பேர் பிடித்திருக்கும் பொருள் என்பது அர்த்தமில்லாத பேச்சு. ஆனால் அதை ஏன் என்று கேட்க அந்தக் காலத்துக் கெர்னலில் ஒரு வரியும் இல்லை. அங்கிருந்து மீண்டும் ஏறி, -2, -1, கடைசியில் 0.

மொத்தம் சுமார் 429 கோடி முறை கேட்க வேண்டும். மனிதக் கணக்கில் இது மலைப்பான எண். கண்டுபிடித்தவர்கள் ஐ7 வகைப் பிராசசர் ஒன்றில் ஓட்டிப் பார்த்தபோது பிடித்த நேரம் ஏறக்குறைய அரை மணி. வினாடிக்குச் சுமார் 24 லட்சம் முறை. நிரலை ஓட விட்டுவிட்டுச் சாப்பிட்டு வரலாம்.

காலி என்று நினைத்த இடம்

பூஜ்யத்தைப் பார்த்ததும் கெர்னலின் துப்புரவுப் பகுதி, கொத்து யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்து அந்த இடத்தை விடுவித்துவிடும். ஆனால் நம் தாக்குநரின் நிரலோ அந்தக் கொத்தை இன்னும் விடவில்லை. அதன் முகவரி நிரலின் பதிவில் அப்படியே இருக்கிறது. மண்டபம் அடுத்தவருக்குப் போய்விட்டது. பழைய ஆள் சாவியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இங்கே திருப்பம், அடுத்த முகூர்த்தக்காரராக வருபவரும் அதே ஆள் என்பது.

கெர்னல் சிறு பொருள்களை அளவு வாரியாக அடுக்கி வைக்கும். சாவிக்கொத்துப் பொருளின் அளவு 184 பைட். அது 192 பைட் அறைகள் உள்ள வரிசையில் இடம் பிடிக்கும். நிரல்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள லினக்ஸில் பழைய வசதி ஒன்று உண்டு. அனுப்பிய செய்தியைக் கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். செய்தியின் நீளத்தைப் பார்த்து அமைத்தால் அதுவும் அதே 192 பைட் வரிசைக்கு வரும். தாக்குநர் அப்படிப் பல செய்திகளை அனுப்புகிறார். அவற்றில் ஒன்று, சற்றுமுன் காலியான அறையில் போய் உட்கார்ந்துவிடும். இப்போது அந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு பைட்டும் தாக்குநர் எழுதியது. கெர்னலோ அதை இன்னும் சாவிக்கொத்து என்று நம்புகிறது.

உண்மையான கொத்துக்குள், 'இதை ரத்து செய்யச் சொன்னால் இந்த முகவரியில் உள்ள நிரலை ஓட்டு' என்பது போன்ற குறிப்புகளுக்கு வழிகாட்டும் முகவரி ஒன்று இருக்கும். தாக்குநர் அந்த இடத்தில் தன் முகவரியை எழுதியிருப்பார். பிறகு, கொத்தை ரத்து செய் என்று பணிவாகக் கேட்பார். கெர்னல் தன் முழு அதிகாரத்தோடு தாக்குநரின் நிரலை ஓட்டும். அந்த நிரல் செய்வது ஒன்றுதான்: இவரை ரூட் ஆக்கு. லினக்ஸில் எதையும் செய்யும் உரிமை உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர்.

எல்லாக் கணினியிலும் இது இவ்வளவு சுலபமாக நடந்துவிடாது. புதிய பிராசசர்களில், சாதாரண நிரல்களின் நினைவகத்தில் உள்ள ஆணைகளைக் கெர்னல் ஓட்ட முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. வெளியிடப்பட்ட செயல்விளக்கம் அதைத் தாண்டவில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் 66 சதவீதத்துக்குப் பாதிப்பு என்றது கண்டுபிடித்த நிறுவனம். ஆண்ட்ராய்டு 5-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் வெளிச் செயலிகள் இந்தப் பகுதியைத் தொடவே முடியாது, 4.4-ம் அதற்கு முந்தியவையும் பல 3.8-க்கு முந்தைய கெர்னலில் ஓடுகின்றன, ஆகவே எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்றது கூகுள். பாதுகாப்புச் செய்திகளில் முதல் நாள் வரும் சதவீதங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிப்பது நல்லது. திருத்தமோ சர்ச்சைக்கு இடமில்லாதது: மூன்றாவது வழியில், தாவுவதற்கு முன் 'பிடியை விடு' என்று ஒரு வரி.

அவ்வளவு பெரிய எண் வராது

பிடிக்கணக்குக்கு 32 பிட்டு போதும் என்று முடிவு செய்தவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தரப்பில் நல்ல கணக்கு ஒன்று இருந்தது. ஒரு பொருளைப் பிடித்திருப்பவர் அதன் முகவரியை எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். 32 பிட்டுக் கணினியில் ஒரு முகவரிக்கு 4 பைட். அந்தக் கணினி கையாளக்கூடிய நினைவகமோ மொத்தம் 4 ஜிபி. அத்தனையையும் முகவரிகளாகவே நிரப்பினாலும் 107 கோடிப் பிடிகளுக்கு மேல் இடமில்லை. 429 கோடியை எட்டும் முன் நினைவகம் தீர்ந்துவிடும். ஆகவே வழிதல் நடக்காது.

இந்த வாதம் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு நேர்மையான முகவரி இருக்கிறது என்பதை நம்பி நிற்கிறது. கழிக்க மறந்த பிடிக்கு முகவரியே இல்லை. அதற்கு ஒரு பைட்டும் செலவாகாது. வீண்செலவு என்று நாம் ஒதுக்கிய பிழை, வாதத்தின் அடியில் இருந்த கல்லை உருவிவிட்டது.

விபத்தாக நடக்கும் வழிதலுக்கும் தாக்குதலுக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். விண்டோஸ் 95, 98 இரண்டும் இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை மில்லி வினாடிகளில் 32 பிட்டில் எண்ணின. 49.7 நாளில் எண் நிரம்பும், கணினி உறைந்துவிடும். அந்தக் கால விண்டோஸ் அத்தனை நாள் தொடர்ந்து ஓடியிருந்தால்தானே இதை யாரும் கவனிக்க முடியும்? விபத்துக்குப் பொறியாளர் 'லட்சத்தில் ஒரு வாய்ப்பு' என்று கணக்குப் போடலாம். எதிரி வாய்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. லட்சத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை மட்டுமே 429 கோடி முறை செய்கிறார்.

பத்து பைட்

எண்ணிகள் மட்டுமல்ல, அளவுகளும் வழியும். 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் செக்கோயா என்று பெயரிட்டு வெளியிட்ட லினக்ஸ் பிழை அந்த வகை. கோப்புறைக்குள் கோப்புறை என்று சுமார் பத்து லட்சம் அடுக்கு உருவாக்கி, மொத்தப் பாதையின் நீளத்தை 1 ஜிபிக்கு மேல் கொண்டுபோனார்கள். அதை எழுத இடம் போதாமல் கெர்னல் தன் தாளை இரட்டித்துக்கொண்டே போகும். 2 ஜிபி வரும்போது அந்த அளவு, எதிர்மறையும் கொள்ளும் 32 பிட்டு இடம் ஒன்றில் திணிக்கப்பட்டு மைனஸ் 2 ஜிபி ஆகிவிடும். விளைவு, 'அழிக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒரு பத்து பைட் குறிப்பு, தாளுக்கு 2 ஜிபி முன்னால் வேறு யாருடைய இடத்திலோ எழுதப்படும். எழுதப்படும் சொல்லைக்கூடத் தாக்குநர் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் பத்து பைட்டை வைத்துக்கொண்டே அவர்கள் ரூட் ஆனார்கள். 2014-லிருந்து ஏழு ஆண்டுகள் அந்தப் பிழை அங்கே கிடந்திருக்கிறது.

நின்றுபோகும் எண்ணி

விட்டுப்போன வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி எழுதுவதற்கு முடிவில்லை. லினக்ஸ்காரர்கள் 2017-ல், 4.11 பதிப்பில், எண்ணியின் குணத்தையே மாற்றினார்கள். பாதுகாப்பில் ஊறிய பேக்ஸ் என்ற குழு அதற்கு முன்பே காட்டிய வழி அது. புதிய பிடிக்கணக்கு உச்சத்தைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். கூட்டினாலும் அசையாது, கழித்தாலும் அசையாது. அந்தப் பொருள் இனி அழியவே அழியாது. கணினியை அணைக்கும் வரை அதன் இடம் வீண். ஒரு கொத்தின் 184 பைட் வீணாவதா, கணினியே கைமாறுவதா என்றால் விடை தெரிந்ததுதான். பழைய எண்ணிகளைப் புதியதற்கு மாற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்தது.

எல்லா எண்ணிகளையும் 64 பிட்டாக்கிவிட்டால் தொல்லை விட்டதே என்று கேட்கலாம். கெர்னல் நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிடிக்கணக்கு வைத்திருக்கிறது. 16 ஜிபி உள்ள கணினியில் அப்படி 42 லட்சம் பக்கங்கள். எண்ணிக்கு 4 பைட் கூடினால் மொத்தம் 16 எம்பி போய்விடும், அதுவும் ஒரே ஒரு எண்ணிக்காக. அதனால் பக்கங்களின் கணக்கு 32 பிட்டிலேயே நின்றது.

2019-ல் கூகுள் புராஜெக்ட் ஜீரோ ஆய்வாளர் யான் ஹார்ன் அதை வழியவைக்கும் வழியைக் காட்டினார். இம்முறை கழிக்க மறந்த பிழை எதுவும் இல்லை. எல்லாமே நேர்மையான பிடிகள். 140 ஜிபி நினைவகம் இருந்தால் போதும். சர்வர்களில் அது அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தது. நினைவகம் முதலில் தீர்ந்துவிடும் என்ற பழைய வாதம் அதோடு முடிந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய திருத்தம் எண்ணியை அகலமாக்கவில்லை. புதிய பிடி கேட்கும்போது கணக்கு பூஜ்யமாகவோ மைனஸாகவோ இருந்தால் கெர்னல் இப்போது மறுத்துவிடுகிறது. மைனஸில் விழுந்த எண் பூஜ்யத்தைத் தொட இன்னும் 214 கோடி படி ஏற வேண்டும். அதற்குள் ஒருமுறையாவது கேள்வி கேட்கப்பட்டுவிடும்.